நரையும் திரையும் ஊசி மருந்தும்

மனிதனுடைய ஆயுளை அல்லாஹு தஆலா எப்படி வகுத்திருக்கின்றான் என்பதை ஸூரத்துர் ரூம் எடுத்துரைக்கின்றது. தொடக்கமும் இயலாமை, முடிவும் இயலாமை, இடையிலே சில காலம் வலிமை. அந்த இறுதிக் கட்டத்தின் அடையாளமாக நரையையும் அங்கே சேர்த்துச் சொல்லியிருக்கின்றான். நரையோடு கூடப் பிறந்ததுதான் திரை. இரண்டும் நோயல்ல.

நம் வாசகச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கின்றார். வயது நாற்பத்தாறு. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கின்றார். விடுமுறையில் ஊர் வந்தவர், "கன்னத்து ஓரமெல்லாம் மடிப்பு விழுந்துவிட்டதே! அங்கே ஊசி போட்டுச் சரி செய்துகொள்கிறார்கள், நீயும் போட்டுக்கொள்" என்கிறாராம். ஊசி போட்டுக்கொண்டால் பாவமா, கணவர் சொல்லைத் தட்டினால் பாவமா என்பது சகோதரியின் கேள்வி.

முதலில் அந்த ஊசி இன்னதென்று அறிவோம். ஃபில்லர் என்று அதற்குப் பெயர். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் வேறு, இது வேறு. தோலுக்கு அடியில் பள்ளம் விழுந்த இடத்தைக் கூழ் போன்ற ஒரு பொருளால் நிரப்புகிறார்கள். பெரும்பாலும் அது ஹயலூரானிக் அமிலம். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே உள்ள பொருள்தான். முன்னர் மாட்டுத் தோலின் கொலாஜனைப் பயன்படுத்தினார்கள்; அமெரிக்க மருந்துத் துறை 1981-ல் அதற்கும், 2003-ல் ஹயலூரானிக் வகைக்கும் அனுமதி அளித்தது. பன்றியின் கொலாஜனில் செய்ததும் ஒரு காலத்தில் சந்தைக்கு வந்ததுண்டு, நஊது பில்லாஹ்! இன்று ஹயலூரானிக் வகையைப் பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அநேகமாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் அது உடலிலேயே கரைந்துவிடும். பிறகு மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு.

இனி மார்க்கத்தின் தீர்ப்புக்கு வருவோம். பச்சை குத்துகிற, புருவ முடியைப் பறிக்கின்ற, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குகின்ற பெண்கள் மீது சாபம் உண்டென்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். இதில் பல்லை அராவும் விஷயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இளம் பெண்களுக்குப் பற்களிடையே சிறு இடைவெளி இருக்கும். வயது ஏறிய பெண்கள் தங்களையும் இளையவர்களாகக் காட்டிக்கொள்ளவே அப்படி அராவிக்கொண்டார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்துக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். அன்று அரம், இன்று ஊசி. வயதை மறைக்கும் நோக்கம் மட்டும் மாறவில்லை. அதே இமாமவர்கள், 'அழகுக்காக' என்ற சொல் அங்கே இருப்பதால், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையைப் போக்கவோ செய்தால் குற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபிக்கு ஒரு போரில் மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார், துர்வாடை வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட பொருள் என்பதை நினைத்துப் பாருங்கள்! இழந்ததை ஈடு செய்வதற்கு ஷரீஅத் அவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கின்றது. தீக்காயத்தாலோ விபத்தாலோ முகம் குழிந்தவர்களுக்கு இதே ஊசி மருந்தாகின்றது. ஹெச்.ஐ.வி. கண்டவர்களின் கன்னச் சதை கரைந்துபோவதற்கென்றே ஒருவகை ஃபில்லர் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவர்களை நாம் தடுக்க மாட்டோம்.

இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹ் அகாதமி 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது இதைத் தெளிவாக்கியது. நோயினால் வந்ததாக இருந்தாலன்றி, சுருக்கத்தை அறுவை மூலமோ ஊசி மூலமோ நீக்குவது கூடாது. நோயாக இருந்தாலும் தீங்கு வராதென்ற நிலை வேண்டும் என்பது அதன் முடிவு. கரைந்துபோகும் பொருள்தானே, சுர்மா, மருதாணி போலத்தானே என்று கேட்பவர்களும் இன்றைய அறிஞர்களிடையே உண்டு. அவர்கள் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் சுர்மா யாருடைய பார்வையையும் பறித்ததில்லை. இந்தக் கூழ் தவறி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும்; கண்ணுக்குச் செல்லும் குழாயை அடைத்துப் பார்வை போனவர்களும் இருக்கிறார்கள். அரிதுதான். ஆயினும் நோயில்லாத முகத்துக்கு அந்த ஆபத்து எதற்கு?

ஸவூதியில் மன்னர் அப்துல் அஜீஸ் பெயரால் நடக்கும் ஒட்டக விழாவின் அழகுப் போட்டியில் 2021-ம் ஆண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒட்டகங்களை விலக்கினார்கள். காரணம், உதட்டிலும் மூக்கிலும் ஊசி போன்ற தில்லுமுல்லுகள். ஒட்டகத்தில் மோசடி என்றால், பெண் பார்க்க வருபவர்களிடம் வயதை மறைப்பதை என்னவென்பது! நம் சகோதரி விஷயத்தில் யாரையும் ஏமாற்றுவதில்லை. கணவரே அறிந்து கேட்கிறார். அதனால் அவருக்கு நாம் சொல்வது மோசடியைக் காரணம் காட்டி அல்ல, மேலே சொன்ன ஹதீஸைக் காட்டித்தான். மார்க்கம் தடுத்ததில் கணவருக்குக் கட்டுப்பட வேண்டிய கடமை இல்லை. மறுத்தால் பாவமில்லை, சகோதரி.

கணவருக்கும் ஒரு வார்த்தை. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் வஃபாத்தாகிப் பல வருடங்களுக்குப் பின்னரும் நபி (ஸல்) அவர்கள் அவர்களையே பேசிக்கொண்டிருப்பார்கள். பல் விழுந்து ஈறு சிவந்த ஒரு கிழவியைத்தானே நினைக்கிறீர்கள், அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் தரவில்லையா என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ரோஷத்தோடு கேட்டுவிட்டார்கள். அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் தரவில்லை என்பதே பதிலாக வந்தது. தம்மை யாரும் நம்பாதபோது நம்பியவர், செல்வத்தால் தாங்கியவர் என்று காரணங்களையும் சொன்னார்கள். ஐயா, தாங்கள் பாலைவனத்தில் உழைத்த அத்தனை வருடமும் இங்கே தங்கள் தாய் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் விழித்திருந்த முகமல்லவா அது? மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்ள விரும்புவது போல் தாமும் மனைவிக்காக அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். தங்கள் நெற்றிக் கோடுகளுக்கு வீட்டில் யாராவது ஊசி கேட்டார்களா?

சட்டம் அறியாமல் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் கலங்க வேண்டாம். மருந்து தோலுக்கு அடியில் இருப்பதால் வுளூவின் தண்ணீரைத் தடுக்காது; தொழுகை கூடும். அதைக் கரைக்க மற்றோர் ஊசி உண்டென்றாலும், தொல்லை ஏதும் இல்லாதபோது அதற்காக ஓட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது நம் கருத்து. தௌபா செய்துகொண்டு, அது தானே கரையும் வரை விட்டுவிடலாம். வல்லாஹு அஃலம்.