நைட்டியை என்ன செய்வது?

அம்மா போய் ஆறு மாதம் கழித்துத்தான் பீரோவைத் திறந்தோம். இருபத்தாறு புடவைகள், அடித்தட்டில் நான்கு நைட்டிகள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வெட்டி ஒரு போர்வை தைத்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. ‘எல்லாவற்றிலும்’ என்று அவள் சொன்னது புடவைகளை மட்டும்தான். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அம்மா வெள்ளிமலையில் ஆசிரியையாக இருந்தபோது எங்களுக்குப் போர்வை தைத்துத் தந்திருக்கிறாள். கல்வராயன் மலையின் மார்கழிக் குளிருக்குக் கடைப் போர்வை ஒன்று போதாது. பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போடுவாள். கிழிந்தது உள்ளே, கிழியாதது வெளியே. எந்த நிறம் எதோடு சேரும் என்று யாரும் கேட்டதில்லை.

நான் மென்பொருள்காரன், கேட்டேன். துணிகளையெல்லாம் போட்டோ எடுத்து, நிற எண்களைப் பிரித்து, எக்செல்லில் போட்டு அடுக்கிப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது: ஒட்டுத்துணியில் சிவப்பா பச்சையா என்பதைவிட, எது வெளிர், எது அடர் என்பதுதான் முக்கியம். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கினால் உடனே தெரியும். ஆக்கினேன். திரை முழுக்க ஒரே சாம்பல். மயில் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோல இருந்தன. அழுக்கு தெரியாத நிறமாகவே வாழ்நாளெல்லாம் வாங்கியிருக்கிறாள்.

வெளிர் என்று சொல்ல வீட்டில் இருந்தது நைட்டிகள் மட்டும்தான். கடைசி எட்டு மாதம் அவள் உடுத்தியவை. துவைத்துத் துவைத்து வெளுத்தவை. ஒன்றில் மருந்துக் கறை போகவே இல்லை.

கச்சிராயபாளையம் சாலையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் மூட்டையைக் கொண்டுபோனேன். பூனம் புடவைகளை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட்டார். “இத காட்டனோட சேத்தா நழுவும் தம்பி, தையல் சுருங்கும்.” மடிப்பு கலையாத இரண்டு புடவைகளை முதலில் நனைத்துக் காயவைக்கச் சொன்னார், தண்ணீர் பார்க்காத நூல் பிறகு சுருங்குமாம். சிவப்புச் சுங்குடியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினார்; சாயம் இறங்கியது. அப்புறம் நைட்டியைக் கையில் எடுத்து, “இதான்யா துணி, பூ மாதிரி இருக்கு” என்றார்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர் உண்டு. 1942இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் போட்டிருந்த வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார் மிசௌரி பெட்வே. போர்த்திக்கொண்டு தூங்குவதற்காக. அவர் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அல்ல. உழைத்துத் தேய்ந்த துணியை. அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. ‘நவீன ஓவியம்போல’ என்று வியந்தார்கள். எனக்கு அந்த வியப்பில் சின்ன எரிச்சல் உண்டு.

ஆனால் நானும் அந்த ரகம்தானே? என் அடுக்குக்கு வெளிர் தேவைப்பட்டதால் நைட்டி உள்ளே வந்தது. அது அடர்நிறமாக இருந்திருந்தால்? அந்த எட்டு மாதத்தைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டிருப்பேன், பொருந்தவில்லை என்று ஒரு காரணமும் சொல்லியிருப்பேன். ‘மேட்ச் ஆகல’ என்பது எவ்வளவு மரியாதையான சொல்! அக்காவாவது நேராகச் சொன்னாள்: “அத பாத்தா எனக்கு ஆஸ்பத்திரிதான்டா ஞாபகம் வரும்.” அவள் மறக்க நினைப்பதை அவள் தூங்கும் போர்வையில் தைக்க எனக்கு என்ன உரிமை? அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு போர்வை தைக்கலாம் என்று முடிவானது. நைட்டி என்னுடையதில்.

வெட்டும்போது தையல்காரக்கா கேட்டார், “பாக்கெட்ட பிரிச்சிடவா?” பிரித்தார். உள்ளே ஒரு சில்லறை மாத்திரை அட்டை. பாக்கெட் மறைத்திருந்த இடத்தில் மட்டும், வெயிலும் சோப்பும் படாமல், உள்ளங்கை அளவுக்கு அடர்நீலம். நைட்டி வாங்கியபோது நீலம் என்பதையே நான் மறந்திருந்தேன்.

“கறை மாதிரி தெரியுமே தம்பி, வெட்டிடட்டா?”

வேண்டாம் என்றேன். நடுக்கட்டத்தில் வைக்கச் சொன்னேன்.