இரண்டு இசைத்தட்டுகளும் ஒரு வாழ்க்கையும்

வி ரெட் என்ற கறுப்பினப் பெண் 1928இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். 2022இல், தமது 93ஆம் வயதில் இறந்தார். அவர் ஜாஸ் இசைக் கலைஞர். ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தார், பாடவும் செய்தார். இத்தனை நீண்ட வாழ்நாளில் அவரைத் தலைமைக் கலைஞராகக் கொண்டு வெளிவந்த இசைத்தட்டுகள் இரண்டே இரண்டு: 1962இல் 'பேர்ட் கால்', 1963இல் 'லேடி சோல்'.

இந்த 'இரண்டு' என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? ஒரு கலைஞரை அவர் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு அளப்பது இயல்பான காரியம் போலத் தோன்றுகிறது. கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் எது பதிவாக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவர் தீர்மானிக்கவில்லை, வேறு யாரோ தீர்மானித்தார்கள். அந்த யாரோ அளித்த தீர்ப்பையே கேட்பவர்களாகிய நாமும் மறுபடி வழங்குகிறோமா? அல்லது அதை எதிர்க்கிறோம் என்ற பேரில் அவருடைய மீதி வாழ்க்கை முழுவதையும் வீண் என்று எழுதித் தள்ளுகிறோமா? இரண்டுமே அநீதிதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்பதே என் கேள்வி.

வி ரெட்டின் தந்தை ஆல்டன் ரெட் டிரம்ஸ் கலைஞர். வீட்டில் இசை இருந்தது. ஆனால் அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்: உறவில் பாட்டி முறையான ஆல்மா ஹைடவர். லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினக் குழந்தைகள் பலருக்கு அவர்தான் இசை ஆசிரியர். பின்னாளில் டிராம்போன் கலைஞராகவும் இசையமைப்பை ஒழுங்கு செய்பவராகவும் பெயர் பெற்ற மெல்பா லிஸ்டனும் அவரிடம் பயின்றவரே. அன்றைய ஜாஸ் உலகில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் பாட்டும் பியானோவும். ஊதுகருவி ஆண்களுடையது. கன்னம் உப்ப, முகம் கோண, வியர்வை வழிய ஒரு பெண் மேடையில் நின்று ஊதுவது பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஓர் ஆசிரியை சாக்ஸபோன் பெண்பிள்ளையையும் டிராம்போன் பெண்பிள்ளையையும் உருவாக்கினார் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். இதற்கு மறுபடி வருகிறேன்.

'பேர்ட்' என்பது சார்லி பார்க்கரின் செல்லப்பெயர். ஆல்ட்டோ சாக்ஸபோனின் மொழியையே மாற்றியமைத்த அந்த மேதை 1955இல் 34 வயதில் இறந்துபோனார். அடுத்த ஏழாண்டுகளில் அவர் நினைவாக ஒரு பெண் அதே கருவியோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழைந்து உருவாக்கியது 'பேர்ட் கால்'. அதைக் கேட்கும்போது எனக்குப் பிடிபடுவது ஒன்றுதான். அவர் பாடும் முறையும் ஊதும் முறையும் ஒரே மூச்சிலிருந்து வருகின்றன. ஒரு வரியை எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எங்கே புளூஸின் கரகரப்பைக் கலப்பது என்ற முடிவுகளைக் குரலிலும் கருவியிலும் ஒரே மனம் எடுக்கிறது. நம் ரசிகர்கள் மனோதர்மம் என்பார்களே, ஜாஸின் உயிரும் அதுதான். அந்த மனோதர்மம் இவரிடம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு வந்த 'லேடி சோல்' வேறு மாதிரி. அதில் பாட்டுக்கே முதலிடம், சாக்ஸபோன் பின்னுக்குப் போய்விட்டது. பெண் பாடினால் விற்கும் என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்த கணக்கு. குரல் பெண்ணின் உடம்பிலேயே இருக்கிறது, அது இயற்கை. கருவியோ பயிற்சி, சிந்தனை, ஆளுமை. ஆகவே அது ஆணுக்கு. இந்தப் பிரிவினையை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. எந்தப் பாட்டில் எத்தனை நிமிடம் யாருக்கு என்று ஒதுக்கும்போதே அது நடந்து முடிந்துவிடுகிறது. இன்று 'லேடி சோல்' என்று தேடினால் முதலில் கிடைப்பது 1968இல் அதே தலைப்பில் வந்த அரேத்தா ஃப்ராங்ளினின் புகழ்பெற்ற இசைத்தட்டு. ஐந்தாண்டு முந்தியதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு வி ரெட் வாசிப்பை நிறுத்திவிடவில்லை. 1967இல் லண்டனின் ரோனி ஸ்காட் கிளப்பில் இரண்டு வாரத்துக்கு அழைக்கப்பட்டவரை, ரசிகர்களின் வரவேற்பைக் கண்டு பத்து வாரம் வைத்துக்கொண்டார்கள். 1968இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு மேடையேறினார். அதே ஆண்டு கவுண்ட் பேஸியின் குழுவோடு ஐரோப்பா போனார். பத்து வாரம் சலிக்காமல் கேட்ட ஊர் ஒன்று இருந்திருக்கிறது, உலகின் முதல் வரிசைக் கலைஞர்கள் தங்கள் மேடையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மூன்றாவது இசைத்தட்டு வரவில்லை.

இங்கேதான் "அவ்வளவு பெரிய கலைஞராக இருந்திருந்தால் வரலாறு மறந்திருக்குமா?" என்ற வாதம் எழும். இதில் ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது. முக்கியமானவர் இல்லை, எனவே பதிவு செய்யவில்லை; பதிவு இல்லை, எனவே முக்கியமானவர் இல்லை. ஜாஸில் இந்தச் சுழற்சி இன்னும் கொடியது. ஜாஸ் கலைஞர்கள் இசைத்தட்டுகளை ஓட்டி ஓட்டிக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக நகலெடுத்துப் பழகியவர்கள். இசைத்தட்டு திறமைக்குக் கிடைக்கும் பரிசு மட்டுமல்ல, அடுத்த தலைமுறைக்கு அதுதான் பாடப்புத்தகம். பாடப்புத்தகம் இல்லாத ஆசானுக்குச் சிஷ்யர்களும் இல்லை. பிறகு, "இவரால் யார் பாதிக்கப்பட்டார்கள்?" என்று கேட்டு அவரைக் கீழே இறக்குவதும் எளிது.

இன்னொன்றும் இருக்கிறது: சரியாக வாசிக்காமல் போகும் உரிமை. 1946இல் சார்லி பார்க்கர் உடல்நிலை மிக மோசமாக இருந்த ஒரு நாளில் 'லவர் மேன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். தடுமாறித் தடுமாறித்தான் வாசித்தார். அது வெளியிடப்பட்டது, அவருக்கே அதில் வருத்தம். ஆனாலும் இன்றுவரை ரசிகர்கள் அந்தத் தடுமாற்றத்தில் மேதையின் வலியைக் கேட்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் ஆணின் சறுக்கல் ஆவணமாகிறது. பெண்ணின் சறுக்கலோ பெண்குலத்துக்கே நிரூபணமாகிறது. இரண்டே இசைத்தட்டு உள்ளவர் அதில் ஒரு நிமிடம் சோர்ந்தாலும் நாம் மன்னிப்பதில்லை. பத்து இசைத்தட்டு வாய்த்தவருக்குத்தான் வளர்வதற்கும் மாறுவதற்கும் தவறுவதற்கும் இடம் இருக்கிறது.

மன்னிப்பு கிடைக்காத இடத்தில் பாராட்டு மட்டும் ஒரு வடிவத்தில் கிடைக்கும்: "ஆம்பிளை மாதிரி வாசிக்கிறார்." ஊதுகருவி வாசித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பாராட்டு இது. தமிழில் நமக்கு இதன் சாயல்கள் நன்றாகவே தெரியும். 'ஆணுக்கு நிகராக' என்று எத்தனை பெண்களைப் புகழ்ந்திருக்கிறோம். இந்தப் பாராட்டு ஒரு பெண்ணை உயர்த்துவது போல உயர்த்தி, தராசை ஆணின் கையிலேயே விட்டுவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' போன்ற பெண்கள் குழுக்கள் அமெரிக்கா முழுதும் சுற்றி வாசித்தன. போர் முடிந்து சில ஆண்டுகளில் அவை கலைந்தன. பெண்களின் திறமை அந்தச் சில ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. ஆண்கள் திரும்பி வந்தார்கள், தற்காலிக இடம் நிரந்தர உரிமையாளரிடம் திரும்பிப் போனது.

இனி இரண்டாவது அநீதிக்கு வருகிறேன். இது நம்முடையது, பெண்ணியவாதிகளாகிய நம்முடையது.

வி ரெட் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இசை மேடைகளுக்கு முன்பும் பின்பும் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் பாடம் நடத்தினார். குழந்தைகளை வளர்த்தார். மறக்கப்பட்ட பெண் கலைஞர்களை மீட்டெடுக்கும் எழுத்துகளில் இப்படிப்பட்ட பகுதியை ஒரு பெருமூச்சோடு கடந்துபோவது வழக்கம். 'குடும்பம் விழுங்கிவிட்டது', 'வகுப்பறைக்குள் முடங்கினார்' என்று எழுதுவோம். 'பேர்ட் கால்' பதிவில் டிரம்ஸ் வாசித்த ரிச்சி கோல்ட்பெர்க் அவருடைய கணவர்தான். நள்ளிரவு கிளப்புகளிலும் ஊர் ஊராகச் செல்லும் பேருந்துகளிலும் நடக்கும் தொழிலில், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி கணவனிடம் கேட்கப்படுவதில்லை, மனைவியிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. அது உண்மை. ஆகவே அவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட முடியாது.

ஆனால் நெருக்கடிக்குள் எடுத்த முடிவும் ஒருவருடைய முடிவுதான். சூழல் அநியாயமானது என்பதற்காக, அதற்குள் அவர் எடுத்த ஒவ்வொரு அடியும் வெறும் தோல்வியாகிவிடாது. ஆல்மா ஹைடவரை நினைத்துப் பாருங்கள். அவர் வாசிப்பைக் கேட்டு ரசிக்க அவர் பெயரில் இசைத்தட்டுகள் இல்லை. ஆனால் வி ரெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும், மெல்பா லிஸ்டன் ஒழுங்கு செய்த ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அவர் இருக்கிறார். அந்த ஆசிரியையின் வாழ்க்கையை வீண் என்று சொல்ல நமக்குத் துணிவு வருமா? வராது என்றால், அவருடைய மாணவி ஆசிரியையானதை மட்டும் ஏன் வீழ்ச்சி என்கிறோம்? இசைத்தட்டை மட்டுமே சாதனையாகவும் கற்பித்தலையும் வளர்த்தலையும் சாதனை இல்லாத இடைவெளியாகவும் எண்ணும் கணக்கு, அவரை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திய அதே ஆட்களின் கணக்கு. நாம் இரக்கத்தோடு அதைத் திருப்பிச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. கற்பித்தலைப் போற்றிப் பேசியே பெண்களை மேடையிலிருந்து வீட்டுக்கும் வகுப்பறைக்கும் அனுப்பிவைத்தவர்கள் ஏராளம். 'அவருக்கு அதுவே நிறைவாக இருந்தது' என்பது அநீதியை மூடுவதற்கு வசதியான போர்வை. அந்தப் போர்வையை நான் நெய்யத் தயாரில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வாழ்க்கை வீணாகவில்லை. அவருக்கு அநீதி நடந்தது. முதல் வாக்கியம் அவரைப் பற்றியது, இரண்டாவது அவரைச் சுற்றியிருந்த தொழிலைப் பற்றியது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கக்கூடாது. வராமல் போன அந்த மூன்றாவது இசைத்தட்டை இழந்தது அவர் மட்டுமல்ல. இழந்தது நாமும்தான்.

அப்படியென்றால் கேட்பவர்களின் கடமை என்ன? வணங்குவதல்ல. 'பெண் என்பதால் கேட்கிறோம்' என்பதும் ஒருவகைச் சலுகை. 2001இல், அவருக்கு 72 வயதானபோது, வாஷிங்டனின் கென்னடி மையம் மேரி லூ வில்லியம்ஸ் பெயரிலான விருதை அவருக்கு வழங்கியது. ஜாஸில் பெண்களுக்கென்றே ஏற்பட்ட விருது அது. மகிழ்ச்சிதான். ஆனால் 40 வயதில் ஓர் ஒப்பந்தம் கொடுப்பதைவிட 72 வயதில் ஒரு விருது கொடுப்பது சுலபம். நாம் செய்யக்கூடியது, அவரை ஒரு சாக்ஸபோன் கலைஞராகவே கேட்பது. எங்கே பார்க்கரின் நிழலிலிருந்து விலகுகிறார், எங்கே விலகவில்லை, எந்த வரி தளர்கிறது, எது நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது என்று மற்றக் கலைஞர்களைக் கேட்பதைப் போலவே கேட்பது.

இன்னொரு கடமை நடைமுறை சார்ந்தது. 'பேர்ட் கால்' உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர் லியனர்ட் ஃபெதர் என்ற செல்வாக்குள்ள விமர்சகர். அவர் வி ரெட்டின் திறமையை மதித்தார், நல்ல காரியம் செய்தார். ஆனால் ஒருவர் மனம் வைத்தால் திறக்கும் கதவு அவர் வேறு பக்கம் திரும்பினால் மூடிக்கொள்ளும். அதற்கு எதிர்ப்புறத்தில் 1977இன் 'நவ்'ஸ் த டைம்' இருக்கிறது. பியானோவில் மரியன் மக்பார்ட்லண்ட், கிட்டாரில் மேரி ஆஸ்போர்ன், பாஸில் லின் மிலானோ, டிரம்ஸில் டாட்டி டாட்ஜியன், ஆல்ட்டோ சாக்ஸபோனில் வி ரெட். ஐவரும் பெண்கள். அதை வெளியிட்ட ஹால்சியன் நிறுவனம் மக்பார்ட்லண்ட் தாமே தொடங்கியது. சிறிய நிறுவனம்தான், பெரிய கடைகளின் முன்வரிசையில் அதன் தட்டுகள் அடுக்கப்படவில்லை. ஆனால் வி ரெட்டுக்கு எத்தனை நிமிடம் தருவது என்பதை அங்கே தீர்மானித்தவர், அவரோடு மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் இன்னொரு பெண். அவர் தமது 48ஆம் வயதில் வாசித்த சாக்ஸபோனை இன்று நாம் கேட்க முடிவதற்குக் காரணம் அதுதான்.