உறுமும் நாயும் உள்ளிருக்கும் நோயும்

செகந்திராபாத்தை அடுத்த லோத்குண்டாவில் ஒரு வீட்டு நாய், நெடுநாள் சாதுவாயிருந்து, திடீரென வழிப்போவோர்மீது பாயத் தொடங்குகிறது எனக் கொள்வோம். அண்டை வீட்டாரின் அச்சத்தை நாம் எள்ளுவதற்கில்லை. 2023 பிப்ரவரியில் அதே ஐதராபாத்தின் அம்பர்பேட்டில் நான்கு வயதுச் சிறுவனொருவன் தெருநாய்கள் கடித்து மாண்டான். எனினும், காரணம் ஆராயாது அந்நாயைக் கொடியதென்று தீர்ப்பிடுதல் அறமாகுமா?

குக்குர ஜாதகத்தை அன்பர்கள் அறிவர். தேரின் தோல்வாரைத் தின்றவை ஊர்நாய்களே என்று துணிந்து, அவற்றைக் கொல்ல ஏவினான் அரசன். போதிசத்துவரோ அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பையும் ஊட்டச் செய்தார். அவை கக்கியதில் தோல் வெளிப்பட்டது.

வெளித்தோற்றம் கொண்டு தீர்ப்பிடும் அவ்வழக்கம் இன்றும் ஒழியவில்லை. செவியில் சீழ், பல்வேரில் கட்டி, இடுப்பு மூட்டுத் தேய்வு, மங்கும் பார்வை ஆகிய யாவும் சினமாகவே வெளிப்படும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸ் முதலியோர், நடத்தைக் கோளாறுக்கெனத் தம்மிடம் கொணரப்பட்ட விலங்குகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினுக்கேனும் வலிநோய் இருந்ததென 2020-இல் மதிப்பிட்டனர். உறுமலுக்காக அடிபட்ட நாய், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். படியேறத் தயங்குகிறதா, ஓரிடத்தைத் தொட்டால் மட்டும் சீறுகிறதா என்று நோக்குக. வெறிநோயும் இருக்கலாமாதலின், தாமே வாயைத் திறந்து பாராது கால்நடை மருத்துவரை நாடுக.

நோய் தீர்ந்தாலும் பழகிய அச்சம் உடனே அகலாது. அஞ்சும் பொருளைத் தொலைவில் காட்டி, நாய் அமைதியாயிருக்கும்போதே உணவளித்து, பல வாரங்களில் சிறிது சிறிதாக அணுகல் வேண்டும். அதுவரை வாய்ப்பூட்டின்றித் தெருவில் அழைத்துச் செல்லற்க.