நினைவு யார் பொறுப்பு?

கீதையின் எட்டாம் அத்தியாயம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசி நேரத்தில் எதை நினைத்தபடி உயிர் பிரிகிறதோ அதையே அடைகிறோம் என்கிறான் கண்ணன். எங்கள் வீட்டிலோ நினைக்க முடியாதவர்கள் இரண்டு பேர். அம்மாவுக்கு அல்சைமர், சித்தப்பாவுக்கு லூயி பாடி டிமென்ஷியா. இவர்கள் கதி என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மறதிதான். சோதனையில்தான் வித்தியாசம் தெரிந்தது. 15 சொற்களை ஐந்து தடவை படித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நினைவில் நிற்பதைச் சொல்ல வேண்டும். அரை மணி கழித்து மறுபடி கேட்பார்கள். சித்தப்பா வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டே சொல் சொன்னார். "தோட்டம் இருந்ததா?" என்று எடுத்துக் கொடுத்ததும் "இருந்ததே!" என்றார். இல்லாத சொல்லைக் கேட்டபோது, "அதை நீங்க சொல்லவே இல்லை" என்று கண்டிக்கவும் செய்தார். அம்மாவோ படித்து முடித்த கையோடு கடைசி இரண்டு சொற்களை டக்கென்று சொன்னாள். அரை மணி கழித்து, "என்ன சொல்? எப்போ?" எடுத்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்", இல்லாத சொல்லுக்கும்கூட.

அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று, மூளையில் புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ். புதிதாகக் கேட்பது பதியாமலே போகிறது. லூயி பாடியில், ஆரம்பத்திலாவது, பதிந்தது பெரும்பாலும் உள்ளே இருக்கும். தேடி எடுக்கிற சக்திதான் தடுமாறும். (இரண்டு நோயும் ஒரே மூளையில் குடியிருப்பதும் உண்டு. அப்போது இந்தக் கோடு கலைந்துவிடும்.)

ஆகவே சித்தப்பாவைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. காதில் யாராவது நாமத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வார். அம்மா? திருப்பாவை முப்பதையும் பிசகாமல் சொல்கிறாள். முடித்த ஐந்தாவது நிமிஷம், "இன்னிக்குத் திருப்பாவை சொல்லலையே" என்று மறுபடி தொடங்குகிறாள். இது பக்தியா, வெறும் பழக்கமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவருடைய சந்தியாவந்தனம் எந்த வகை என்று நான் கேட்கவில்லை.

நினைவு எட்டுகிற வரைக்கும்தான் ஒருவர் அதே ஆள் என்று 1694-இல் தத்துவஞானி ஜான் லாக் வாதாடினார். அந்தக் கணக்குப்படி நேற்று சாப்பிட்டவள் என் அம்மா இல்லை. எனக்கு இது ஒத்துவராது.

வராக சரம சுலோகம் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. மனமும் உடலும் நன்றாக இருக்கையில் என்னை நினைத்தவன் கடைசியில் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்கிறார் வராகப் பெருமாள். இதற்கென்றே வேதாந்த தேசிகர் 'ரகசிய சிகாமணி' எழுதினார். அன்றைக்கு நினைக்க வராது, இப்போதே சொல்லிவிட்டேன் என்று பெரியாழ்வாரும் அரங்கனிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டார். கட்டை, கல் என்றால் எடுத்துக் கொடுத்தாலும் வராத நிலை. அம்மாவின் நிலையும் அங்கேதான் போய் முடியும். நினைக்கிற வேலை அப்போது பெருமாளுடையது. நன்றாக இருந்தபோதும் நினைக்காதவர் கதி? சுலோகம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

வைத்தியத்துக்கு வகை முக்கியம். லூயி பாடிக்காரர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் ஆபத்தாகலாம். எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வீட்டில் நீங்கள் பரீட்சை வைக்காதீர்கள். "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" வேண்டாம். உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.