மாதவியின் மாலை: அரங்கக் கல்வியின் அறவினா

கலையைக் கற்பது ஒன்று. கலையால் வாழ்வது மற்றொன்று. நடனத்தையோ நாடகத்தையோ திரைப்படத்தையோ பட்டப் பாடமாகத் தேர்ந்து பல்கலைக்கழகத்துட் புகும் மாணவர் பலர் இவ்விரண்டினையும் ஒன்றெனவே கொள்கின்றனர். தேர்ச்சி பெற்றால் வாய்ப்பு வரும், வாய்ப்பு வந்தால் புகழும் பொருளும் தொடரும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்துள் மறைந்து கிடக்கும் வினா ஒன்றுண்டு. கலை சந்தைக்கு வரும்போது அங்கு விலைப்படுவது கலைஞரின் உழைப்பா, அன்றிக் கலைஞர் தாமேயா?

இவ்வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே அது எழுந்துவிட்டது. ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழ மன்னன் முன் அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவளது கலைக்குத் துணைநின்ற ஒவ்வொருவரின் தகைமையையும் இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல் என்னும் அளவும், தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கும் நுட்பமும் அங்கு உள. சுவாமி விபுலாநந்தர் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலுக்கு இக்காதையின் யாழாசிரியன் பற்றிய பகுதியே ஊற்றுக்கண்ணாயிற்று. கலைக்கல்வி பற்றித் தமிழிற் கிடைக்கும் தொன்மையான விரிந்த சித்திரம் இதுவெனல் மிகையாகாது.

ஆயினும் காதை அரங்கேற்றத்தோடு முடிவதில்லை. மாதவி தலைக்கோற் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பரிசிலாகப் பெறுகின்றாள். அதன்பின், அதே 1,008 கழஞ்சு விலை குறிக்கப்பட்ட மாலையொன்று கூனி ஒருத்தியின் கையில், நகர நம்பியர் உலவும் தெருவுக்கு வருகின்றது. மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவனாவான். கோவலன் வாங்குகின்றான். பரிசிலும் விலையும் தொகையால் ஒன்று, பொருளால் எதிரெதிர். முன்னது ஆடலுக்கு அளிக்கப்பட்டது. பின்னது ஆடியவளுக்கு விதிக்கப்பட்டது.

அந்த மாலை இன்றும் தெருவில் நிற்கின்றது. மலையாளத் திரையுலகிற் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017 இல் நியமித்த நீதிபதி ஹேமா குழு, 2019 இறுதியில் அறிக்கையைக் கையளித்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு 2024 ஓகஸ்டிலேயே அது வெளியாயிற்று. நடிக்கும் வாய்ப்புக்குப் பாலியல் இணக்கம் நிபந்தனையாக்கப்பட்டமையும், படப்பிடிப்புத் தளங்களில் மலசலகூட வசதிதானுமின்றிப் பெண்கள் வருந்தியமையும் அதிற் பதிவாகியுள்ளன. ஹொலிவுட் நடிகரின் 2023 ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இவ்வினாவின் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. 118 நாள் நீடித்த அப்போராட்டத்தின் பிரச்சினைகளுள் ஒன்று, நடிகரின் முகத்தையும் குரலையும் கணினியிற் படியெடுத்து, அவரின்றியே பயன்படுத்துவது பற்றியது. ஒருவரின் ஒருநாள் உழைப்பை வாங்குதல் வேறு. அவரது உருவத்தை என்றைக்குமாக வாங்குதல் வேறு. இவ்வேறுபாட்டைக் காப்பதற்கு ஒப்புதல், ஊதியம் ஆகியன பற்றிய விதிகள் பின்னர் உடன்பாட்டில் இடம்பெற்றன.

அவ்வாறாயின் கலையை விலைக்குக் கொடாதிருப்பதே அறமாகுமா? மட்டக்களப்பின் கூத்து மரபு இவ்விடத்து நினைக்கத்தக்கது. சட்டங்கொடுத்தல் தொடங்கி அரங்கேற்றம் வரை, அண்ணாவியாரிடம் மாதக்கணக்கிற் பயின்று வட்டக்களரியில் ஆடியோர் பெரும்பாலும் உழவரும் மீனவருமாவர். அவர்தம் சோற்றுக்கு வழி வயலிலும் வாவியிலும் இருந்தது. ஆகவே ஆட்டத்துக்கு விலை பேச நேரவில்லை. ஆயினும் விலையின்மையே விடுதலையாகிவிடாது. சாதியும் ஊர்ச் செல்வாக்கும் பாத்திரப் பங்கீட்டிற் புகுந்ததும் உண்டு. பொருளின் பிடி இல்லாத இடத்தில் வேறொரு பிடி இருக்கக்கூடும். அன்றியும், உழைப்பவருக்கு ஊதியம் இழிவன்று. உழைப்பை விற்றபின்னும் ஆள் தமக்கே உரியவராய் எஞ்சுகின்றாரா என்பதே கேள்வி.

இதற்கு மாணவர் செய்யத்தக்கது யாது? முதலாவது, பல திறன்களிற் பயிற்சி. தோற்றம் ஒன்றையே கொண்டு துறையுட் புகுபவரிடம் விற்பதற்குத் தோற்றமே உண்டு. ஒளியமைப்பு, ஒலிப்பதிவு, பிரதியாக்கம், படத்தொகுப்பு என வேறு திறனும் உடையவரோ, ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயிலை நாடலாம். இரண்டாவது, ஒப்பந்தத்தை வாசிக்கும் பழக்கம். எது எவ்வளவு காலத்துக்கு எவருக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதை அறியாது கையொப்பமிடுவது, மாலையைத் தானே கூனியின் கையிற் கொடுப்பதாகும். மூன்றாவது, வேறோர் ஊன்றுகோல். நாடகமும் அரங்கியலும் ஈழத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் பாடமாக உள்ளது. பட்டம் பெற்றுக் கற்பித்தலுக்குச் செல்வதைத் தோல்வியெனச் சிலர் கருதுகின்றனர். உண்மையில், மாதாந்தச் சம்பளம் உள்ளவருக்கே தகாத வாய்ப்பொன்றை மறுப்பது எளிதாகும்.

மறுப்பவருக்கு மற்றொரு வாய்ப்பு வருமா என்று கேட்கலாம். வராதிருக்கவுங்கூடும். இதனை மறைத்துக் கூறும் அறிவுரை நேர்மையுடையதன்று. தனியொருவரின் மறுப்பு அவரையே வருத்தும். பலர் கூடி மறுக்கும்போதே வழக்கம் மாறும். ஆதலின் இப்பொறுப்பை மாணவரின் மனவுறுதிமேல் மட்டும் ஏற்றிவிடுதல் முறையாகாது. அரங்கேற்றத்துக்கு ஆயத்தஞ் செய்யும் கல்விக்கூடங்கள் அதற்குப்பின் வரும் தெருவைப் பற்றியுங் கற்பித்தல் வேண்டும். உரிமை, ஒப்பந்தம், முறையீடு ஆகியவை பற்றிய அறிவு அடவும் தாளமும் போலவே பாடத்திட்டத்துக்கு உரியது. ஆசிரியர் தம் மாணவரிடம் கொள்ளும் அதிகாரமும் அதே அளவுகோலால் அளக்கப்படல் வேண்டும்.

மாதவி ஈற்றில் மாலையை மறுத்தாள். தன் மகள் மணிமேகலையைக் கணிகையர் வாழ்விற் புகவிடாது பௌத்த அறத்திற் சேர்த்தாள். தானும் அவ்வழியே சென்றாள். அம்முடிவின் மாண்பு பலராலும் போற்றப்படுகின்றது. அதன் இழப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாலையை மறுப்பதற்கு அவள் ஏழாண்டு பயின்ற ஆடலையே துறக்க வேண்டியதாயிற்று. ஆடலைத் துறவாமலே மாலையை மறுக்கும் நிலை இன்றைய மாணவருக்கு வாய்க்குமாயின், அதுவே அரங்கக் கல்வியின் பயனாகும்.