அணையின் ஆழமும் படகின் பின்பலகையும்

நீலகிரியில் மஞ்சூருக்கு அருகே குந்தா பாலத்தில் அணை கட்டித் தேக்கிய நீர்தான் கெத்தை மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு கண்ணி இது. அணைக்கு மேலே தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகள். மழைக்காலத்தில் அவற்றின் மேல்மண் ஓடைகளோடு இறங்கி அணையில் படிகிறது. கரையில் நிற்பவருக்கு அணை நிறைந்தே தெரியும். அதில் நீர் எவ்வளவு, சேறு எவ்வளவு என்பது ஆழத்தை அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்குச் சோனார் இருக்கிறது. படகின் பின்பலகையில் பொருத்தும் ட்ரான்ஸ்டியூசர் உள்ளங்கையில் அடங்கும். அது அனுப்பும் ஒலி தரையைத் தொட்டுத் திரும்பும் நேரமே ஆழமாகக் கணக்கிடப்படுகிறது. புரொப்பல்லருக்கு அருகே அதை வைத்தால் நீர்க்குமிழிகள் ஒலியை மறித்துவிடும். மேலே ஏற்றி வைத்தால் படகு வேகமெடுக்கும்போது நீரைவிட்டு வெளியே வந்துவிடும். அதன் முகம் நேர்கீழாக இல்லாவிட்டால், செங்குத்துக் கரைகள் கொண்ட மலை அணையில் ஒலி பக்கச் சரிவில் பட்டுத் திரும்பும். ஆழம் தவறாகப் பதிவாகும்.

நீர்மட்டத்திலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பதையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் 10 செ.மீ. பிசகினால், ஒரு ஹெக்டேர் பரப்பில் மட்டும் 1,000 கன மீட்டர் தவறிவிடும். நீலகிரியின் குளிரும் கணக்கில் வரவேண்டும். 15 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,466 மீட்டர்தான் செல்லும். கடலுக்கென்று வைத்த 1,500-ஐ மாற்றாமல் அளந்தால், 20 மீட்டர் ஆழம் ஏறக்குறைய 45 செ.மீ. கூடுதலாகத் தெரியும். அவ்வளவு சேறு கணக்கிலிருந்தே மறைந்துபோகும். உலோகத் தகடு ஒன்றைத் தெரிந்த ஆழத்துக்கு இறக்கி, கருவி சொல்வது சரியா என்று பார்ப்பது இந்தப் பிழைகளைப் பிடிப்பதற்காகத்தான். நேரமில்லை என்று அதைக் கைவிடுவது பொய்க்கணக்கு எழுதுவதற்குச் சமம்.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு மழை சரிவுகளில் எவ்வளவு மண்ணை அரித்துச் செல்லும் என்பதைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை. அணைக்குள் சேரும் ஒவ்வொரு கன மீட்டர் சேறும் மின்சாரத்துக்கான நீரின் இடத்தைப் பிடிக்கிறது. மேலே விவசாயியின் நிலமும் மெலிகிறது. தோட்டத்தில் இழந்த மண்ணை விவசாயி எடை போடுவதில்லை. அணைக்குள் எடுக்கும் அளவு அந்த இழப்புக்கு எழுத்தில் இருக்கும் ஒரு கணக்கு.

ஆகவே, பின்பலகையில் திருகு முடுக்குபவரின் வேலையைச் சில்லறை வேலையாக நினைக்கக் கூடாது. அளவெடுத்த ஒவ்வொரு முறையும் முடிவை அணைக்கு மேலே உள்ள ஊராட்சிகளில் தமிழில் ஒட்டுங்கள். சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடவும், ஓடைக் கரையில் புல்லை விட்டுவைக்கவும் விவசாயிகளைக் கேட்பதற்கு முன், அவர்கள் மண் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் முறை.