கறுப்பு பம்பர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு மாவட்டம். குதிரை வண்டியை இன்னும் கைவிடாத கிறிஸ்தவக் குழுக்கள் வாழும் இடம் அது. பழைய மரபைப் பின்பற்றிய மென்னோனைட் சபை ஒன்று 1927இல் அங்கே காரை முன்னிட்டு இரண்டாகப் பிரிந்தது. ஜோசப் வெங்கரோடு போனவர்கள் குதிரை வண்டியே போதும் என்றார்கள். மோசஸ் ஹார்னிங் என்ற பிஷப்பின் பக்கம் நின்றவர்கள் கார் வாங்கினார்கள், ஒரு நிபந்தனையோடு. கார் கறுப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் க்ரோம் பம்பருக்கும் கறுப்பு பெயின்ட் அடித்துவிட வேண்டும். ‘கறுப்பு பம்பர் மென்னோனைட்டுகள்’ என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது.

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயின்ட் டப்பாவுக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. போய்வர வண்டி வேண்டும், இடி தாங்க பம்பர் வேண்டும், சரி. மினுக்கு யாருக்கு வேண்டும்?

மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பழைய ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி10 பிக்கப்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களை இந்தக் கேள்வி நேராகத் தொடும். அந்தக் காலத்து சி10இல் அடிப்படை மாடலுக்கு பம்பரில் வெறும் பெயின்ட்தான். க்ரோம் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஆசைப்பட்டு வாங்கிய பளபளப்பை அரிக்கும் எதிரியும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. மிச்சிகனின் டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று உண்டு. பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்கக் கல்லுப்பைத்தான் கொட்டுகிறார்கள். அந்த உப்புக் கரைசல் டயரில் பட்டுத் தெறித்து, பம்பரின் உட்புறத்தில் போய் அப்பிக்கொள்ளும்.

க்ரோம் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிப்பது அதற்குக் கீழே இருக்கும் எஃகு. பம்பர் மேல் இருக்கும் க்ரோம் பூச்சு ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதன் கீழே பல மடங்கு தடித்த நிக்கல். அதற்கும் கீழேதான் எஃகு. க்ரோம் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் எப்போதும் உண்டு. நிக்கலிலும் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்துவிட்டால் உப்புத் தண்ணீர் எஃகைத் தொட்டுவிடும். நிக்கலும் எஃகும் ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது எஃகுதான். அத்தனை அரிப்பும் அந்தச் சின்ன ஓட்டையில் குவிவதால் பள்ளம் விழுகிறது. முன்பக்கத்தில் மிளகளவு பழுப்புப் புள்ளி ஒன்று தெரியும்போது, முலாம் சரியாக ஏறாத பின்பக்கத்தில் போல்ட்டைச் சுற்றி எஃகு ஏடு ஏடாக உரிந்திருப்பது வழக்கம்.

துரு சமய நூல்களுக்குப் பழைய சங்கதி. அந்துப்பூச்சியும் துருவும் தின்னும் இடத்தில் செல்வம் சேர்க்காதே என்பது இயேசுவின் மலைப்பிரசங்கம். பௌத்தர்களின் தம்மபதமோ, இரும்பில் பிறந்த துரு அந்த இரும்பையே தின்பதைச் சொல்லி, தவறு செய்தவனை அவன் செயலே தின்னும் என்கிறது. அந்தப் பாடலுக்கு உரைகாரர்கள் சொல்லும் கதை இன்னும் கூர்மை. திஸ்ஸர் என்ற பிக்குவுக்கு அவருடைய சகோதரி நல்ல சீவர ஆடை ஒன்றைக் கொடுத்தாள். நாளைக்கு உடுத்தலாம் என்று ஆசையோடு எடுத்து வைத்தவர் அன்றிரவே இறந்துபோனார்; அந்த ஆடையிலேயே பேனாகப் பிறந்தார். மற்ற பிக்குகள் அதைப் பங்குபோட வந்தபோது, ‘என் சொத்தைக் கொள்ளையடிக்கிறார்கள்’ என்று அந்தப் பேன் கதறியதாம். ஏழு நாள் பொறுங்கள் என்றார் புத்தர்.

இதை வைத்து, பொருளைப் பேணுவதே பற்று என்று சிலர் முடிவுகட்டுவார்கள். கதை அப்படிச் சொல்லவில்லை. திஸ்ஸர் அந்த ஆடையை ஒரு நாள்கூட உடுத்தவில்லை, துவைக்கவில்லை, தைக்கவில்லை. தன்னுடையது என்ற நினைப்பு மட்டும்தான் அவரிடம் இருந்தது. பேணுவது வேறு வேலை. சாலையில் உப்பு கொட்டும் மாதங்களில் பம்பரின் பின்பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். உட்புறத்தில் எண்ணெயோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் பூச்சோ தடவ வேண்டும். யார் கண்ணிலும் படாத இடத்தில், குனிந்து செய்யும் வேலை இது. முன்பக்கப் புள்ளிக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தாலே போதும். அலுமினியம் க்ரோமைவிட மென்மையானது, கீறாது. துரு மட்டும் பழுப்புக் குழம்பாக வந்துவிடும். பிறகு துடைத்து மெழுகு போட வேண்டும். பள்ளம் மறையாது. அது வண்டியின் வயசு, இருந்துவிட்டுப் போகட்டும்.

பள்ளமும் கூடாது, ஷோரூமில் நின்ற மாதிரியே வேண்டும் என்பவர்தான் மறுமுலாமுக்கு ஓடுகிறார். கறுப்பு பம்பர்காரர்களின் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காரணம், அந்த மினுக்கின் விலை அவரோடு முடிவதில்லை. வழக்கமான க்ரோம் முலாம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் ஆவித்துளிகளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது உறுதிப்பட்ட உண்மை. கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில் 1952 முதல் 1966 வரை ஓர் எரிவாயு அழுத்த நிலையம் இதே குரோமியத்தைக் குளிர்விப்புத் தண்ணீரில் கலந்தது. எதற்கு? துருப்பிடிக்காமல் இருப்பதற்குத்தான். கழிவு நீர் தரைக்கடியில் இறங்கி ஊர்க் கிணறுகளில் கலந்தது. 1996இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுத்து ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது. அலங்கார முலாமில் இந்த வகைக் குரோமியத்தை 2027 முதல் படிப்படியாக நிறுத்துவதென்று 2023இல் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் முடிவெடுத்தது.

ஆகவே, புள்ளி விழுந்த பம்பரைத் தேய்த்து மெழுகிட்டு ஓட்டுவதே நேர்மையான வழி. எஃகே ஓட்டை விழுந்து மறுமுலாம் தவிர்க்க முடியாமல் போனால், பட்டறைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஆறு இணைதிறன் குரோமியத்துக்குப் பதிலாக மூன்று இணைதிறன் குரோமியத்தில் செய்து தருவீர்களா? உங்கள் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?